வெள்ளிக் காசு சேர்க்கறவங்க சொல்லுங்க: ஸ்லாப் போட்டதா, டியூபோட வர்ற ரா காயினா?

நொய்யல்கரை (திருப்பூர்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டு மனசா இருக்கறேன், வெவரம் தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க.

தங்கச்சி வீட்டுக்காரர் டல்லாஸ்ல வேலையா இருக்கறாரு, பொங்கலுக்கு ஊருக்கு வர்றாரு. எம் பொண்ணு பொறந்தது 2014. அந்த வருசத்துல ஆரம்பிச்சு வருசத்துக்கு ஒண்ணுன்னு அமெரிக்கன் சில்வர் ஈகிள் (அந்த நாட்டு அரசாங்கம் போடற ஒரு அவுன்சு, அதாவது 31.1 கிராம் வெள்ளிக் காசு) சேர்த்து, கல்யாணத்தப்ப அவ கையில கொடுக்கோணும்னு நெனப்பு. சீர்ல குத்துவெளக்கு, சொம்பு, தட்டு எல்லா வீட்லயும் வெக்கறதுதான். இது அவளுக்குன்னு தனியா இருக்கட்டும்.

மாப்பிள்ளை ரெண்டு வழி சொல்றாரு. ஒண்ணு, எல்லா வருசத்துக்கும் எம்எஸ் 70 கிரேடு, அதாவது புழங்காத காயினோட நெலைக்குக் கொடுக்கற முழு மார்க்கு போட்டு, ஸ்லாப்ங்கற கெட்டி பிளாஸ்டிக் உறையில மூடினதாவே வாங்கறது. அதுலயும் ‘ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்’ லேபிள் இருக்கறதாப் பார்த்து எடுக்கலாம்ங்கறாரு. இன்னொண்ணு, கிரேடு போடாத ரா காயினா எடுக்கறது. அப்படின்னா அதே பணத்துக்கு வருசக் காயின் போக, இந்த வருசத்து டியூப் (20 காயின் அடுக்கின குழாய்) ஒண்ணையும் ஒட்டுக்கா கொண்டு வந்துரலாமாம்.

அந்த 70ங்கற நெம்பருக்கு நெசமாலுமே அர்த்தம் இருக்குதுங்களா? நாளைக்கு ஒரு அவசரம்னா கோயமுத்தூர்லயோ ஈரோட்லயோ அந்த நெம்பருக்குன்னு யாராச்சும் பணம் தருவாங்களா? போலி நெம்ப வருதுங்கறாங்களே, ரா காயினை எதை வெச்சு நம்பறது?


செவ்வாய்ப்பேட்டை (சேலம்) எழுதியது:

தம்பி, நாங்க கொலுசுப் பட்டறைக்காரங்க. விக்க வர்ற பக்கத்துல இருந்து சொல்றேன்.

ஸ்லாப் போட்ட காயின் பட்டறைக்கு வந்தா முதல் வேலையா ஸ்லாபை உடைப்போம். மெஷின்ல வெச்சு டச், அதாவது வெள்ளியோட சுத்தம் பார்ப்போம், தராசுல எடை பார்ப்போம், அன்னைய ரேட்டுல கணக்குப் போட்டு, உருக்குக் கழிவைப் பிடிச்சுட்டு மிச்சத்தைக் கையில கொடுப்போம். 70ன்னு இருந்தாலும் 65ன்னு இருந்தாலும் அது 31.1 கிராம். கோயமுத்தூர் ராஜ வீதிக்குப் போனாலும் இதே கணக்குத்தான் சொல்லுவாங்க.

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில மாட்டுக்குச் சுழி பார்த்து வெலை பேசறாங்க. சுழி பார்க்கறவங்க அங்க கூடறதாலதான் சுழிக்கு வெலை. அதே மாட்டைச் சுழி பார்க்காத சீமைக்கு ஓட்டிட்டுப் போனா பல்லும் ஒடம்பும்தான் பேசும். உங்க எம்எஸ் 70க்கு வெலை வெக்கறவங்க அமெரிக்காவுல கூடறாங்க. நம்ம பக்கம் அப்படிக் கேட்டு வாங்கறவங்க நெம்பக் கம்மி. அதனால கிரேடுக்குன்னு எச்சாக் கொடுக்கற பணத்துக்கு வெள்ளியாவே வாங்கிக்கங்க.

இன்னொரு வெவரமும் மாப்பிள்ளைகிட்டச் சொல்லி வெய்யுங்க. எல்லா வெள்ளிக் காயினும் ஒரே எடையும் ஒரே டச்சும் கிடையாது. சீனாக்காரங்க பாண்டா 2016ல இருந்து 30 கிராம்தான், அவுன்சு இல்லை. இங்கிலாந்து பிரிட்டானியா 2012 வரைக்கும் 958 டச், 2013ல இருந்துதான் 999. அந்தப் பழைய பிரிட்டானியாவை மெஷின்ல வெச்சா 95.8ன்னு காட்டும், வெவரமில்லாத கடைக்காரர் ‘மட்டம்’னு சொல்லி அடிமாட்டு வெலைக்குக் கேப்பாரு. ஆனா அதோட மொத்த எடையே 32.45 கிராம், உள்ள இருக்கற சுத்த வெள்ளி சரியா ஒரு அவுன்சு. விக்கற ஆளுக்கு இது தெரிஞ்சிருக்கோணும். கனடா மேப்பிள் 9999, ஈகிள் 999. உருக்குற எடத்துல இந்த வித்தியாசம் ஒரு காயினுக்கு கிராம்ல நூத்துல மூணு பங்கு கூட வராது, அதுக்காக எச்சு வெலை கொடுக்க வேண்டாம்.


ஆனைமலை (கோவை) எழுதியது:

செவ்வாய்ப்பேட்டை அண்ணன் சொல்வது பட்டறைக் கணக்கு. அது சரியான கணக்குதான். ஆனால் கேட்டவர் உருக்குவதற்கு வாங்கவில்லை, மகளுக்காகச் சேர்க்கிறார். சேர்க்கிறவருக்குக் காயினின் நிலை முக்கியம், அதை மூன்றாம் ஆள் ஒருவர் பார்த்து எழுதித் தருவதற்கு மதிப்பு உண்டு.

70 என்பது என்ன என்று கேட்டீர்கள். அமெரிக்காவின் பழைய பெரிய செப்புச் சென்ட் காசுகளை வகைப்படுத்த வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-இல் 1 முதல் 70 வரை ஓர் அளவுகோலை வகுத்தார். பிறகு 1986-இல் பிசிஜிஎஸ், 1987-இல் என்ஜிசி என்று கிரேடிங் நிறுவனங்கள் வேலையைத் தொடங்கி அந்த அளவுகோலையே எல்லா நாட்டுக் காயினுக்கும் பயன்படுத்துகின்றன. 60-உம் அதற்கு மேலே இருப்பதும் புழக்கத்துக்கே போகாத காயின். 70 என்றால், அச்சிலிருந்து வெளியே வந்த பிறகு ஏற்பட்ட கீறலோ தேய்மானமோ ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியக்கூடாது. 69 என்றால் அப்படிப் பார்க்கும்போது ஏதோ ஒரு சின்னப் புள்ளி தெரிந்திருக்கிறது. ஆகவே அது வெறும் லேபிள் சமாச்சாரம் இல்லை, காயினில் இருக்கிற விஷயம்தான்.

போலியைப் பற்றியும் யோசியுங்கள். வெள்ளி முலாம் பூசிய ஈகிள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. ‘பிரதி’ என்று சொல்லி விற்பவர்களும் உண்டு, சொல்லாமல் விற்பவர்களும் உண்டு. உங்கள் மகள் இருபது வருடம் கழித்து அதை எங்கேயாவது நீட்டும்போது, ‘இது அசல்தானா’ என்ற கேள்விக்கு ஸ்லாப் அவளுக்காகப் பதில் சொல்லும்.


செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

ஆனைமலை தம்பி, ஸ்லாபே போலியா வருதே, அதுக்கு என்ன பண்றது? காயினைக் கையில எடுத்துத் தட்டிப் பார்க்க முடியாது, எடை போட முடியாது. பிளாஸ்டிக்குள்ள இருக்கறதை நம்பித்தான் ஆகோணும். எனக்கு அதுதான் பெரிய பயம்.


ஆனைமலை எழுதியது:

நியாயமான பயம். அதற்கும் வழி இருக்கிறது. ஸ்லாபில் ஒரு சான்று எண் இருக்கும். அதை அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். எண் சரியாக வந்துவிட்டால் அதோடு நிறுத்திவிடக் கூடாது, ஏனென்றால் போலி செய்கிறவர்கள் உண்மையான ஒரு காயினின் எண்ணையே எடுத்துப் போடுகிறார்கள். தளத்தில் அந்தக் காயினின் படம் இருந்தால் கையில் உள்ளதோடு வைத்து ஒப்பிட வேண்டும். லேபிளின் எழுத்து, உறையின் ஓரம், ஹோலோகிராம் எல்லாவற்றையும் பாருங்கள். பிசிஜிஎஸ் 2020-லிருந்து என்எஃப்சி சில்லு வைத்த உறைகளையும் தருகிறது, போனைக் காட்டினால் படிக்கும்.

‘ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்’ பற்றி மட்டும் அண்ணன் பக்கம் சேர்ந்துகொள்கிறேன். முதலில் அடித்த காயின் என்று நினைத்து அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். வெளியீட்டு நாளிலிருந்து முதல் 30 நாளுக்குள் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்த காயின் என்பதுதான் அதன் பொருள். எந்தக் காயின் அச்சில் முதலில் அடிபட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. என்ஜிசி இதையே ‘எர்லி ரிலீசஸ்’ என்கிறது.


கொடுமுடி அக்கா (ஈரோடு) எழுதியது:

ரெண்டு பேரும் வெலையையே பேசிட்டு இருக்கறீங்க. வாங்கின காயின் பத்து வருசத்துல எப்படி ஆகும்னும் பேசோணுமில்ல?

நான் மேப்பிள் சேர்க்கறேன். வெள்ளிக் காயினுக்குப் பெரிய சாபம் பால் புள்ளி. வாங்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், கொஞ்ச நாள்ல மேல வெள்ளை வெள்ளையா திட்டு வரும். தேய்ச்சாலும் போகாது, கழுவினாலும் போகாது. அச்சடிக்கறதுக்கு முன்னால தகட்டைக் கழுவற ரசாயனம் முழுசாப் போகாம தங்கி, சூடு காட்டும்போது அதுலயே ஒட்டிக்குதுன்னுதான் சொல்றாங்க. கனடாக்காரங்க இதைக் குறைக்கறதுக்குன்னே 2018ல மின்ட்ஷீல்டுன்னு ஒரு முறை கொண்டு வந்தாங்க. அதனால மேப்பிள் வாங்கறவங்க 2018க்கு அப்புறம் வந்ததா எடுங்க.

இதுல ஸ்லாப் சமாச்சாரம் என்னன்னா, அந்தப் புள்ளி ஸ்லாபுக்குள்ளயே வரும். 70ன்னு போட்டு மூடினதுக்கப்புறம் வந்தா, கிரேடு போட்ட நிறுவனத்தோட உத்தரவாதத்துல அது சேராது. லேபிள்ல 70ன்னு இருக்கும், காயின் மேல மூக்குக்கு நேரா வெள்ளைத் திட்டு இருக்கும். அப்படி ஒரு காயினுக்கு 70 வெலை எவனும் தரமாட்டான். ஈகிளுக்கும் இது வருதுங்க, மேப்பிள் அளவுக்கு எச்சா இல்லாட்டியும் வருது.

ரா காயின் வாங்கினா பத்திரம் பண்றது நம்ம பொறுப்பு. கொளகொளன்னு மெத்துனு இருக்கற பிளாஸ்டிக் கவர்ல போடக்கூடாது. அது பிவிசி, நாள்பட நாள்பட பச்சையா பிசுக்கு விட்டுக் காயினைத் திங்கும். அப்படிப் பச்சை பிடிச்சிருந்தா சுத்தமான அசிட்டோன்ல நனைச்சு எடுக்கலாம், தேய்க்கப்படாது. நெயில் பாலிஷ் எடுக்கறதை ஊத்தாதீங்க, அதுல எண்ணெய் கலந்திருக்கும். ரப்பர் பேண்டு, நியூஸ் பேப்பர், சாதா அட்டை எதுவும் வேண்டாம். எல்லாத்துலயும் கந்தகம் இருக்குது, வெள்ளியைக் கறுக்க வெக்கறது அதுதான். நொய்யல்கரைத் தம்பி, உங்க வீடு சாயப்பட்டறைப் பக்கம்னா இன்னும் சாக்கிரதையா இருங்க, அந்தக் காத்துக்கு வெள்ளி சீக்கிரம் நெறம் மாறும். கேப்சூல்ல போட்டு, மூடி இறுக்கமான டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வெய்யுங்க. எடுக்கும்போது ஓரத்தைப் பிடிங்க, மொகத்துல கை படக்கூடாது.

முக்கியமா வீட்ல சொல்லி வெச்சிருங்க. நோம்பி வந்தா பூசைச் சாமானத்தோட சேர்த்து இதையும் திருநீறு போட்டுத் தேய்ச்சு வெச்சிருவாங்க. சொம்புக்கு அது சரி. காயினை ஒருக்காத் தேய்ச்சுட்டா மொகத்துல மயிர்க்கீறல் விழுந்துரும், அப்புறம் எந்தக் கிரேடும் கிடைக்காது.


சென்னிமலை எழுதியது:

ஏனுங்க, குறுக்க வர்றதுக்கு மன்னிக்கோணும். இத்தனை தூரம் அமெரிக்கா காசு எதுக்குங்க? நம்ம நாட்டுலயே எம்எம்டிசி பேம்ப் 999.9 சுத்தத்துல காயின் போடறாங்க, மூடின அட்டையோட வருது. அரசாங்க நாணயச்சாலை வெள்ளிக் காசும் இருக்குதே?


வெள்ளலூர்க்காரன் (கோவை) எழுதியது:

சென்னிமலை அவர்களே, எம்எம்டிசி பேம்ப் நல்ல சரக்கு, சந்தேகம் இல்லை. லண்டன் சந்தை அங்கீகாரம் பெற்ற சுத்திகரிப்பு ஆலை ஹரியானாவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது முகமதிப்பு போட்ட நாணயம் இல்லை, பதக்கம் போன்றது. ஒவ்வோர் ஆண்டும் மாறும் வருடக் காயினைச் சேர்க்கும் ஆசைக்கு அது தோதுப்படாது. எடைக்கு வெள்ளி சேர்க்க ரொம்பத் தோது.

நம் நாணயச்சாலைகளின் நினைவு நாணயங்களை நான் சேர்க்கிறேன். அவற்றை வெள்ளிக் கணக்கில் வாங்கவே கூடாது. பல வருடங்களாக வந்த 100 ரூபாய் நினைவு நாணயம் 35 கிராம், அதில் பாதிதான் வெள்ளி. மிச்சம் செம்பு 40 சதவீதம், நிக்கலும் துத்தநாகமும் ஐந்து ஐந்து. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டுக்கு வந்த 1000 ரூபாய் நாணயம் கொஞ்சம் மேல், அது 80 சதவீதம் வெள்ளி, 28 கிராம் தேறும். இவை எல்லாம் உலோகத்துக்கு மேலே நல்ல விலை வைத்து விற்கப்படுபவை. எனக்கு அவற்றின் மேல் பிரியம் உண்டு, அந்தப் பிரியத்துக்குத்தான் அந்த விலை.

எடையா, முகமா என்ற இந்த வழக்கு நம் மண்ணுக்குப் புதிதில்லை. எங்கள் ஊரில் 1842-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளித் தெனாரியஸ் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. திருப்பூர்ப் பக்கம் கத்தாங்கண்ணியிலும் அப்படி ஒரு குவியல் கிடைத்திருக்கிறது. கி.பி. 64-இல் நீரோ மன்னன் தெனாரியஸின் எடையையும் வெள்ளிச் சுத்தத்தையும் குறைத்தான். தமிழ்நாட்டில் கிடைக்கும் ரோமானிய வெள்ளியில் பெரும்பகுதி அதற்கு முந்தையது. லத்தீன் படிக்கத் தெரியாத நம் வியாபாரி சுத்தத்தைப் பார்த்துத்தான் காசை வாங்கியிருக்கிறான் என்று நான் எண்ணுகிறேன். செவ்வாய்ப்பேட்டை அண்ணன் அந்த வழியில் வந்தவர்.


கரூர் கணக்கு எழுதியது:

கொண்டு வருவதைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பயணி வெள்ளியை வரியே இல்லாமல் கொண்டு வரும் சலுகை நகைக்குத்தான். காயின், கட்டி இரண்டும் அந்தச் சலுகையில் வராது. ஒரு ஈகிள் டியூப் 20 காயின், 622 கிராம். அதற்கு வரி கட்ட வேண்டும், விமான நிலையத்துச் சுங்கத்தில் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிக் கட்ட வேண்டும். வெளிநாட்டில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தங்கித் திரும்புகிற இந்திய பாஸ்போர்ட்காரரோ இந்திய வம்சாவளியினரோ 10 கிலோ வரை வெள்ளியைச் சலுகை வரியில் கொண்டு வரலாம். வரியை வெளிநாட்டுப் பணமாகக் கட்டச் சொல்வார்கள். 2024 ஜூலை பட்ஜெட்டில் வெள்ளி இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். இந்த விகிதம் அடிக்கடி மாறுவது, கிளம்புகிற வாரத்தில் இருக்கும் விகிதத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாங்கின கடையின் பில்லைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். கட்டின ரசீதை நீங்கள் காயினோடு சேர்த்துப் பூட்டி வையுங்கள், பின்னால் விற்கும்போது அதுதான் உங்கள் சாட்சி.

விற்கும்போது: 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி, பணவீக்கக் கழிவு கிடையாது. அதற்குள் விற்றால் உங்கள் வருமானத்தோடு சேர்ந்துவிடும். மாப்பிள்ளை பணம் வாங்காமல் அன்பளிப்பாகவே கொடுத்தாலும் பரவாயில்லை. தங்கையின் கணவர் வருமான வரிச் சட்டப்படி உறவினர்தான், அன்பளிப்புக்கு வரி வராது. அவர் வாங்கின விலையும் வாங்கின தேதியும் உங்கள் கணக்கில் தொடரும், அதற்கும் பில் வேண்டும்.

கிரேடு விஷயத்துக்கு இதில் ஒரு சம்பந்தம் இருக்கிறது. ஸ்லாபுக்குக் கொடுத்த கூடுதல் விலையும் பில்லில் ஏறும். இங்கே எடைக்கு விற்றால் அது நஷ்டமாக நிற்கும்.


ஆனைமலை எழுதியது:

நொய்யல்கரை அவர்களே, உங்கள் வருடங்களையே எடுத்துப் பேசுவோம்.

நீங்கள் தொடங்கும் 2014-இல் அமெரிக்க நாணயச்சாலை 4.4 கோடி ஈகிள் அடித்தது. அடுத்த வருடம் 2015-இல் 4.7 கோடி. இத்தனை கோடியில் 70 கிரேடு வாங்கின காயின்களும் ஏராளம். அந்த வருடத்து எம்எஸ் 70 அருமையான பொருள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2017-இல் எண்ணிக்கை பெரிதாகக் குறைந்தது, 2018, 2019 இரண்டிலும் ஒன்றரைக் கோடி அளவில்தான். ஆனாலும் அதுவும் பஞ்சமில்லை. எம்எஸ் 69 வாங்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த வருடங்களில் 69 என்பது விலையில் ரா காயினுக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

70-ஐத் தேடி வாங்க வேண்டியது 1986-லிருந்து 1999 வரையிலான ஈகிள். அப்போது கிரேடு போட அனுப்புகிற பழக்கமே குறைவு, நல்ல நிலையில் தப்பியது கொஞ்சம். 1996-இல் அடித்ததே 36 லட்சம்தான், சாதா ஈகிளின் பழைய வரிசையில் அதுதான் குறைந்த எண்ணிக்கை. 1995-இல் வெஸ்ட் பாயிண்ட் நாணயச்சாலை முத்திரையோடு வந்த புரூஃப், அதாவது சேகரிப்பவர்களுக்கென்று பளபளப்பாக அடித்தது, 30,125 காயின்தான். அப்படிப்பட்டதை ஸ்லாப் இல்லாமல் வாங்குவது தப்பு. விலை அதிகம் என்பதால் போலியும் அதையே குறி வைக்கும். ஸ்லாபுக்கு நான் வக்காலத்து வாங்குவது இந்தக் காயின்களுக்காகத்தான்.

2021 வந்தால் மாப்பிள்ளையைக் கவனமாக வாங்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வருடத்தில் இரண்டு வடிவம் உண்டு. 1986-லிருந்து இருந்த ஜான் மெர்கான்டியின் கேடயக் கழுகு வருட நடுவில் நின்று, எமிலி டாம்ஸ்ட்ரா வரைந்த இறங்குகிற கழுகு வந்தது. முன்பக்கத்தில் வைன்மனின் நடக்கும் சுதந்திர தேவி இரண்டிலும் இருக்கிறாள். புதியதில் விளிம்புப் பற்களில் ஓரிடத்தில் ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள், அது பாதுகாப்புக்கு. முழு வரிசை வேண்டுமானால் 2021-க்கு இரண்டு காயின்.

ரா காயினில் இன்னொரு சௌகரியம் இருக்கிறது. நன்றாக வைத்திருந்தால், மகள் விரும்பும்போது கிரேடுக்கு அனுப்பலாம். இந்தியாவில் இருந்தே சேகரித்து அனுப்புகிற முகவர்கள் இருக்கிறார்கள். ஸ்லாபை வாங்குவது மட்டும்தான் திரும்ப முடியாத செலவு.


செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

இப்ப நீங்க சொல்றதுல எனக்கு மறுப்பே இல்லை, தம்பி. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன். வெள்ளி வெலை ஏறும்போது சாதா வருசத்து ஸ்லாபோட எச்சு வெலை கூடவே ஏறாது. 1980லயும் 2011லயும் அவுன்சு 50 டாலர் கிட்ட வரைக்கும் போய் எறங்கின வெள்ளி, 2025 அக்டோபர்ல அதைத் தாண்டுச்சு. தீபாவளி சமயத்துல இங்க சரக்கே கிடைக்காம, காயினுக்கு எடை ரேட்டுக்கு மேல கொடுத்து வாங்கினாங்க. அன்னைக்குக் கடைக்காரங்க கேட்டது ‘எத்தனை கிராம் இருக்குது’ன்னுதான்.


நொய்யல்கரை எழுதியது:

எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. மாப்பிள்ளைகிட்டப் பேசிட்டேன். எல்லாமே 2014க்கு அப்புறம் வந்த வருசம்ங்கறதால ரா காயினாவே எடுக்கறதுன்னு முடிவாச்சு, 2021க்கு ரெண்டு. புதுசா வர்ற டியூபை பெரிய டீலர்கிட்ட நேரா வாங்கிக்கறாரு, அதுல பயம் இல்லை. ஆனா பழைய வருசத்துக் காயினை ஒவ்வொண்ணா வேற வேற ஆள்கிட்ட எடுக்க வேண்டி வருது. அது கைக்கு வந்ததும் வீட்லயே சோதிச்சுப் பார்க்கறது எப்படிங்கண்ணா? உரைகல்லுல உரசினா காயின் கெட்டுப் போகுமே.


செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

உரசவே வேண்டாம் தம்பி. பொறுமையாக் கேட்டுக்கங்க, இதுதான் இந்த இழையிலயே வேலைக்காகற சமாச்சாரம்.

முதல்ல எடையும் அளவும். நூத்துல ஒரு பங்கு கிராம் காட்டற சின்னத் தராசு ஒண்ணு, வெர்னியர் ஒண்ணு, ரெண்டும் வாங்கிருங்க. ஈகிள் எடை 31.10 கிராம், விட்டம் 40.6 மில்லிமீட்டர், கனம் 2.98. வெர்னியரோட பல்லு காயின் மொகத்துல படாம ஓரத்துல பிடிச்சு அளக்கோணும், நடுவுல மெல்லிசா ஒரு காகிதம் வெச்சுக்கங்க. செம்பு, பித்தளை, நிக்கல் எல்லாமே வெள்ளியை விட லேசு. அதுல எடையைச் சரியாக் கொண்டு வரோணும்னா கனத்தையோ விட்டத்தையோ கூட்டித்தான் ஆகோணும். அளவைச் சரியா வெச்சா எடை குறையும். ரெண்டையும் ஒட்டுக்கா ஏமாத்தறது சிரமம்.

அடுத்தது தண்ணிச் சோதனை. எனக்கு இதுதான் நம்பிக்கை. தராசு மேல ஒரு டம்ளர்ல தண்ணி வெச்சு, எடையைச் சுழியம் பண்ணுங்க. காயினை மெல்லிசு நைலான் நூல்ல கட்டி, டம்ளர் அடியிலயோ ஓரத்துலயோ படாம தண்ணிக்குள்ள முழுசா முங்கற மாதிரித் தொங்க விடுங்க. காயின் மேல காத்துக் குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. தராசு 2.97 பக்கம் காட்டுச்சுன்னா வெள்ளி. எப்படின்னா, வெள்ளியோட அடர்த்தி 10.49. 31.10ஐ அதால வகுத்தா 2.965 வருது, காயின் விலக்கற தண்ணியோட எடை அதுதான். எடை சரியா இருந்து தராசு மூணரைக்குப் பக்கம் போச்சுன்னா உள்ள இருக்கறது செம்பு வகையறா. 2.75 பக்கம் எறங்கிச்சுன்னா ஈயம். எடுத்ததும் துடைக்காம, மெத்துனு பருத்தித் துணி மேல வெச்சு ஒத்தி எடுத்து நல்லா உலர விடுங்க, ஈரத்தோட கேப்சூல்ல போட்டுராதீங்க. குழாய்த் தண்ணி வேண்டாம், நம்ம பக்கத்துத் தண்ணியில உப்பு எச்சு. பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு தண்ணி வாங்கிக்கங்க.

மூணாவது காந்தம். நியோடிமியம் காந்தம் சின்னதா ஒண்ணு. காயினைச் சாய்ச்சுப் பிடிச்சு மேல இருந்து காந்தத்தை விட்டா, ஒட்டவும் ஒட்டாது, சர்ருனு வழுக்கவும் வழுக்காது, மெதுவா எறங்கும். வெள்ளி மின்சாரத்தை நல்லாக் கடத்தறதால காந்தம் நகரும்போது அதுல ஓட்டம் உண்டாகி இழுத்துப் பிடிக்குது. செம்பும் இப்படிப் பிடிக்கும்ங்கறதால இதை மட்டும் நம்பக்கூடாது. காந்தத்துக்கும் காயினுக்கும் நடுவுல கேப்சூலையோ பிளாஸ்டிக் தாளையோ வெச்சுக்கங்க, கீறல் விழாது.

விரல் நுனியில நிறுத்தி இன்னொரு காயினோட ஓரத்தால மெதுவாத் தட்டினா கணீர்னு நின்னு ஒலிக்கும். ஈயமும் தகரமும் கலந்து அடர்த்தியைச் சரிக்கட்டினாக் கூட இந்தச் சத்தம் வராது.

கடையில வெக்கற டச் மெஷின் மேல்தோலை மட்டும்தான் படிக்கும். கனமா முலாம் போட்டிருந்தா 99.9ன்னே காட்டும். அதனால மெஷின் சீட்டு இருக்குதுன்னு தண்ணிச் சோதனையை விட்டுராதீங்க. சேலம் பக்கம் வந்தா பட்டறைக்கு வாங்க, ஒருக்கா பண்ணிக் காட்டறேன்.


ஆனைமலை எழுதியது:

அண்ணன் எழுதிய தண்ணிச் சோதனையை நான் வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஸ்லாபுக்குள் இருக்கும் காயினுக்கு இதைச் செய்ய வழியே இல்லை என்பது உண்மைதான்.


நொய்யல்கரை எழுதியது:

தராசும் காந்தமும் இன்னைக்கே சொல்லி விட்டுட்டேனுங்க. கொடுமுடி அக்கா, கேப்சூல் எந்த அளவுல வாங்கறது? மாப்பிள்ளை கூடவே மேப்பிள் ரெண்டும் எடுத்துட்டு வர்றேங்கறாரு.


கொடுமுடி அக்கா எழுதியது:

ஈகிளுக்கு 40.6 மில்லிமீட்டர், மேப்பிளுக்கு 38. ரெண்டுக்கும் சேர்த்து பெருசா ஒரே அளவுல வாங்கிராதீங்க. மேப்பிள் உள்ள ஆடி ஆடி ஓரம் தேஞ்சு போகும், 9999 வெள்ளி நெம்ப மெது. நடுவுல ரப்பர் வளையம் வெச்ச கேப்சூலும் வேண்டாம், நேரடியாப் பொருந்தறதா வாங்குங்க. காயினை அதுல போடறப்ப பொண்ணையும் பக்கத்துல உக்கார வெச்சு, ஓரத்தைப் பிடிச்சு அவளையே போடச் சொல்லுங்க.